மீட்டருக்கும் காதுக்கும் நடுவே ஒரு பெட்டி

12 அங்குல உயரம், 7.5 அங்குல அகலம், 6.25 அங்குல ஆழம். பிளைவுட்டால் ஆன மூடிய பெட்டி. முன்பக்கம் கறுப்புத் துணி. துணியைக் கழற்றினால் 5 அங்குல வூஃபர் ஒன்று, அதற்கு மேலே பொடி ட்வீட்டர் ஒன்று, ட்வீட்டரைச் சுற்றித் தடித்த ஃபெல்ட் துண்டுகள். பார்க்க ஒன்றும் இல்லை. எல்.எஸ்.3/5ஏ என்ற பெயரும் அரசாங்கக் கோப்பு எண்ணைப் போலத்தான் இருக்கிறது: எல்.எஸ். என்றால் லவுட்ஸ்பீக்கர், 3 என்பது வெளிப்புற ஒலிபரப்புக்கானது, 5 அந்த வரிசையில் ஐந்தாவது வடிவம், ஏ என்பது திருத்திய பதிப்பு.

இந்தப் பெட்டியை வைத்து ஐம்பது வருடமாகச் சண்டை நடக்கிறது. வரைபடத்தைக் கையில் வைத்திருப்பவர், இதில் பாஸ் கிடையாது, சத்தம் கிடையாது, நடுவில் ஒரு மேடு வேறு இருக்கிறது, இதற்கு ஏன் இத்தனை காசு என்பார். கேட்டு ரசிப்பவர், அதெல்லாம் இருக்கட்டும், இதில் ஒரு குரலைப் போட்டுக் கேளுங்கள், அப்புறம் பேசுவோம் என்பார். வீட்டு ஆடியோ உலகில் எந்தச் சாமானைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இந்த இரு கட்சிகளும் வந்து நிற்கும். ஆனால் இந்தப் பெட்டி பிறந்த இடத்தில் அப்படி இரண்டு கட்சியே இருக்கவில்லை. அவை எங்கே, எப்போது பிரிந்தன என்று பார்க்க, பெட்டியோடு கொஞ்ச தூரம் நடந்து போக வேண்டும்.

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் கிங்ஸ்வுட் வாரன் என்றொரு பழைய மாளிகை. பிபிசியின் ஆராய்ச்சித் துறை பல பத்தாண்டுகள் அங்கேதான் இயங்கியது. 1960களின் இறுதியில் அங்கிருந்த பொறியாளர்கள் ஒரு வித்தியாசமான வேலையில் இறங்கியிருந்தார்கள். இசைக்குழு வாசிக்கும் பெரிய ஸ்டூடியோவைக் கட்டிவிட்டு, எதிரொலி சரியில்லை என்று பிறகு இடிப்பது பெரிய செலவு. அதனால் ஸ்டூடியோவை எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரியாகச் செய்து, அதற்குள் இசையை ஒலிக்கவிட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். அறை எட்டு மடங்கு சிறுத்தால் ஒலி அலையும் எட்டு மடங்கு சிறுக்க வேண்டும். எதிரொலியே இல்லாத அறையில் பதிவு செய்த இசையை எட்டு மடங்கு வேகத்தில் மாதிரிக்குள் ஓட்டுவார்கள். 50 ஹெர்ட்ஸ் ஒலி 400 ஹெர்ட்ஸாகிவிடும். 12,000 ஹெர்ட்ஸ் 96,000 ஆகிவிடும். அதைச் சிறு மைக்கில் பிடித்து, வேகத்தை எட்டில் ஒன்றாகக் குறைத்தால், இன்னும் கட்டாத ஸ்டூடியோவில் இசை எப்படிக் கேட்கும் என்பது காதில் விழும்.

அந்தப் பொம்மை ஸ்டூடியோவுக்குள் இசைக்குழுவின் இடத்தில் நிற்க ஒரு சின்ன ஸ்பீக்கர் வேண்டியிருந்தது. கென்ட் பகுதியில் இருந்த கெஃப் நிறுவனத்தின் பி110 வூஃபரும் டி27 ட்வீட்டரும் அதற்குக் கைகொடுத்தன. கெஃப்பை 1961இல் தொடங்கிய ரேமண்ட் குக்கும் முன்பு பிபிசியில் பொறியாளராக இருந்தவர்தான். இந்த இரு யூனிட்களையும் வடிவமைத்தவர் மால்கம் ஜோன்ஸ். அவர் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருவார்.

மாதிரிக்காகச் செய்த பெட்டியைச் சாதாரண வேகத்தில் ஓட்டிக் கேட்டபோது, அதன் அளவுக்கு எதிர்பார்க்கவே முடியாத தெளிவு அதில் இருந்தது. அதே சமயம் பிபிசியின் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளில் ஒரு பழைய தொல்லையும் இருந்தது. கால்பந்து மைதானத்துக்கோ தேவாலயத்துக்கோ போகும் வண்டிக்குள் ஒலிப்பொறியாளர் உட்காரவே இடம் பற்றாது. பெரிய மானிட்டர் ஸ்பீக்கருக்கு எங்கே போவது? ஹெட்ஃபோனை வைத்துச் சமாளித்தார்கள். ஹெட்ஃபோனில் ஒலி மண்டைக்குள் கேட்கும். பேசுபவர் மைக்கிலிருந்து எத்தனை தள்ளி நிற்கிறார், அறையின் முழக்கம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை அதில் சரியாகக் கணிக்க முடியாது. வீட்டில் ரேடியோவில் கேட்பவருக்கு என்ன கேட்குமோ அதைக் காட்ட ஒரு சின்னப் பெட்டி தேவைப்பட்டது. அப்படி 1970களின் தொடக்கத்தில் வந்ததுதான் எல்.எஸ்.3/5.

பிபிசிக்காரர்கள் ஸ்பீக்கரைச் சோதித்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் கருவி, எதிரொலியற்ற அறையும் மைக்கும். பெட்டிக்குள் கீழ்ச்சுருதியிலிருந்து மேல்வரை ஒலியைச் செலுத்தி, எந்த அலைவெண்ணில் எத்தனை டெசிபல் வருகிறது என்று காகிதத்தில் கோடாக வரைந்தார்கள். இரண்டாவது கருவி, பக்கத்து அறையில் பேசும் ஆள். ஸ்டூடியோவில் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பேசுவார். கட்டுப்பாட்டு அறையில் அவர் குரல் ஸ்பீக்கர் வழியாக வரும். கேட்பவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து நேரில் அவர் குரலைக் கேட்டுவிட்டு, திரும்பி வந்து பெட்டியைக் கேட்பார். இசைக்குழு வாசிக்கும்போதும் இப்படித்தான். எந்தப் பெட்டி அசலுக்குப் பக்கத்தில் வருகிறது என்பதே கேள்வி.

குரலை அளவுகோலாக எடுத்ததில் பெரிய சூட்சுமம் இருக்கிறது. வயலின் ஒலி கொஞ்சம் மாறினால், வேறு வயலின் போலும் என்று காது சமாதானம் ஆகிவிடும். தினமும் கூட உட்கார்ந்து டீ குடிக்கும் ஆளின் குரலில் மார்பிலிருந்து வரும் கனம் சற்றுக் கூடினாலோ, மூக்கில் லேசாக இழுத்தாலோ, 'ச' ஒலி சீறினாலோ உடனே பிடிபட்டுவிடும். போனில் அக்கா 'ஹலோ' என்ற மாத்திரத்தில் அவளுக்குச் சளி என்று கண்டுபிடித்துவிடுகிறோமே, அந்தக் காது எல்லோரிடமும் இருக்கிறது. அதற்கு இசை ஞானம்கூட வேண்டாம்.

காது சொன்னதைக் காகிதத்தில் தேடுவார்கள். காகிதத்தில் தெரிந்ததைக் காதால் உறுதி செய்வார்கள். வூஃபர்களின் பழைய காகிதக் கூம்புகள் ஒலியில் தொகுதிக்குத் தொகுதி மாறின. அதற்கு மாற்றாக பிபிசி 1960களில் பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தது. கூம்பு அதிர்ந்து முடித்த பிறகும் தானாக முனகுவதைத் தடுக்க அதன்மேல் ஒரு பூச்சு பூசினார்கள். டட்லி ஹார்வுட், ஸ்பென்சர் ஹியூஸ் போன்றவர்கள் இந்த வேலையில் வருடங்களைச் செலவிட்டவர்கள்.

பெயரில் அந்த 'ஏ' வந்து சேர்ந்த கதை, அளவீட்டுக் கட்சிக்கு நல்ல ஆயுதம். எல்.எஸ்.3/5 சில ஜோடிகள்தான் செய்யப்பட்டன. அடுத்த தொகுதிக்காக யூனிட்களை வரவழைத்தபோது கணக்கு ஒத்துவரவில்லை. அதே நிறுவனம், அதே பெயர், அதே உருவம். ஆனால் இடையில் உற்பத்தியில் மாற்றங்கள் நடந்திருந்தன. வரைபடம் பழைய கோட்டில் விழ மறுத்தது. பிபிசி சமாளித்துப் போகவில்லை. கிராஸ்ஓவரை, அதாவது எந்த ஒலி வூஃபருக்கு, எது ட்வீட்டருக்கு என்று பிரித்தனுப்பும் சர்க்யூட்டை, திரும்ப வடிவமைத்தது. 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில் இரண்டும் கைமாறும்படி வைத்து, வூஃபரின் இயல்பான மேட்டைச் சமன் செய்யத் தனிக் கண்ணி போட்டு, ஒவ்வொரு ட்வீட்டரின் குணத்துக்கும் ஏற்ப அதன் அளவைக் கூட்டிக் குறைக்கப் பல முனைகள் கொண்ட ஒரு சுருளையும் சேர்த்தார்கள். அதுதான் எல்.எஸ்.3/5ஏ. மீட்டர் இல்லாவிட்டால் இந்த இடத்தில், எனக்கு வேறாகக் கேட்கிறது, எனக்கு அப்படியேதான் கேட்கிறது என்று ஒரு கூட்டமே நடத்தியிருப்பார்கள்.

காதுக் கட்சிக்கும் ஒரு கதை இருக்கிறது. அது மரத்தைப் பற்றியது. பெட்டி என்றால் தடிமனாக, கல் போல இருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஹார்வுட்டின் ஆராய்ச்சி நேரெதிரான முடிவுக்குப் போனது. பலகையை மெல்லியதாக வைத்து, உள்பக்கம் தார் கலந்த கனமான அட்டையை ஒட்டினால், பலகையின் சொந்த அதிர்வு கீழே இறங்கும், அங்கேயே அமுங்கியும் போகும். தடித்த பலகையின் அதிர்வோ குரல் இருக்கும் பகுதிக்குள்ளேயே வந்து நிற்கும், அதை அமுக்குவதும் கடினம். எனவே 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட். மூலைகளில் பலகைகளைச் சேர்க்கும் சட்டங்கள் பீச் மரத்தில். இந்தச் சட்டத்தைப் பரானா பைன் என்ற மென்மையான மரத்தில் செய்தபோது குரலின் சாயல் மாறியது. கண்ணுக்குத் தெரியாத மூலைச் சட்டத்தில் என்ன மரம் என்பது கேட்பவர் காதுக்குத் தெரிந்தது! அதன் பின் பீச் மரம் விதியாகவே ஆனது. காது பிடித்தது, பிறகு காரணமும் கிடைத்தது.

ஹார்வுட், வாட்டன், மில்ஸ் மூவரும் எழுதி 1976இல் வெளியான பிபிசி ஆராய்ச்சி அறிக்கையில் இந்தப் பெட்டியின் வடிவமைப்பு மொத்தமும் இருக்கிறது. ஒளிவு மறைவு இல்லை. அந்த அறிக்கையின் தொனி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வார்த்தை புகழ்ச்சி கிடையாது.

அறிக்கை வெளிவருவதற்கு முன்பே பெட்டி வெளியே போய்விட்டது. பிபிசி தன் வடிவங்களை உரிமம் கொடுத்துத் தனியார் நிறுவனங்களைச் செய்யவைக்கும். தனக்கு வேண்டியதை அவர்களிடம் வாங்கிக்கொள்ளும், மீதியை அவர்கள் சந்தையில் விற்றுக்கொள்ளலாம். 1970களின் நடுவில் ரோஜர்ஸ் முதலில் களமிறங்கியது. பிறகு சார்ட்வெல், ஆடியோமாஸ்டர், ராம், ஸ்பெண்டர், ஹார்பெத், குட்மன்ஸ், கெஃப் என்று வரிசை நீண்டது. இதில் ஸ்பெண்டர், ஸ்பென்சர் ஹியூஸ் தன் பெயரையும் மனைவி டோரத்தியின் பெயரையும் சேர்த்து வைத்த நிறுவனம். ஹார்பெத், ஹார்வுட்டும் அவர் மனைவி எலிசபெத்தும். ஆராய்ச்சிக்கூடத்து ஆட்களே கடை திறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்தபோது பெட்டிக்கு ஒன்று நிரந்தரமாகத் தொலைந்தது: பக்கத்து அறை. வாங்கியவர் வீட்டில் கதவைத் திறந்து பார்த்தால் சமையலறைதான் இருக்கும். பாடியவர் அங்கே நின்று பாடிக்கொண்டிருக்கப் போவதில்லை. ரெக்கார்டில் இருக்கும் குரல் பதிவானபோது எப்படி இருந்தது, எந்த மைக், எந்த அறை, பொறியாளர் எதைக் கூட்டினார், எதைக் குறைத்தார் என்பதெல்லாம் கேட்பவருக்குத் தெரியாது. ஒப்பிட அவரிடம் இருப்பது இரண்டே: நேற்றுக் கடையில் கேட்ட வேறொரு பெட்டி, தன் நினைவு. 'அசலுக்குப் பக்கத்தில் இருக்கிறதா' என்ற கேள்வி மெல்ல 'எனக்குப் பிடிக்கிறதா' என்று மாறியது. மாறியதில் தப்பில்லை, காசு கொடுப்பவர் அவர்தானே. மாறியது என்பதைப் பலர் கவனிக்கவில்லை என்பதில்தான் சிக்கல். இரு கட்சிகளும் பிரிந்த இடம் இந்த வாசல்படி என்பது என் எண்ணம்.

பத்திரிகைகளில் அப்போது ஏற்கெனவே போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் ஸ்டீரியோ ரிவ்யூ இதழில் ஜூலியன் ஹிர்ஷ் ஆம்ப்ளிஃபயர்களையும் ஸ்பீக்கர்களையும் அளந்து எண்களை அச்சிட்டு வந்தார். எண்கள் சரியாக இருந்தால் ஆம்ப்களுக்குள் கேட்கக்கூடிய பெரிய வித்தியாசம் இராது என்பது அவர் கட்சி. எண்ணை விடு, காதால் கேட்டு எழுது என்று ஜே. கார்டன் ஹோல்ட் 1962இல் ஸ்டீரியோஃபைல் இதழைத் தொடங்கினார். 1973இல் ஹாரி பியர்சனின் தி அப்சொல்யூட் சவுண்ட் வந்து அதே பாதையில் இன்னும் வேகமாக ஓடியது. ஹோல்ட்டுக்கும் பியர்சனுக்கும் அளவுகோல் நேரடிக் கச்சேரியின் ஒலிதான். அந்த வகையில் அவர்கள் கிங்ஸ்வுட் வாரனுக்கு உறவுக்காரர்கள். ஆனால் அவர்களைப் பார்த்து எழுதக் கிளம்பிய கூட்டத்துக்கு அந்த அளவுகோல் நினைவிருக்கவில்லை. கேபிளுக்கும் ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்கும் பக்கம் பக்கமாகக் கவிதை எழுதினார்கள்.

பிரிட்டனில் குவாட் நிறுவனத்தின் பீட்டர் வாக்கருக்கு இது பொறுக்கவில்லை. 1978இல் ஜேம்ஸ் மோயர் என்ற ஒலியியலாளர் மூலம் ஒரு சோதனை நடந்தது. குவாடின் பழைய வால்வு ஆம்ப், இடைக்காலத்து 303, புதிய 405 மூன்றையும் திரைக்குப் பின்னால் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். வால்வின் இனிமை, டிரான்சிஸ்டரின் வறட்சி என்றெல்லாம் எழுதுகிறவர்களும் கேட்க உட்கார்ந்தார்கள். எது எது என்று நம்பகமாகப் பிரித்துச் சொல்ல அவர்களால் முடியவில்லை. முடிவு வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வெளியானது. அதற்காக யாரும் கட்சி மாறிவிடவில்லை.

ஆம்ப் வேறு, ஸ்பீக்கர் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆம்ப்களுக்கு இடையில் வித்தியாசம் மயிரிழை. ஸ்பீக்கர்களுக்கு இடையில் அது கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும் அளவு பெரியது. எல்.எஸ்.3/5ஏவை அளந்தால் என்ன தெரியும்? 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரிந்துவிடும். 100 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒரு மெல்லிய மேடு. 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் இன்னொரு மேடு. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 82, 83 டெசிபல்தான் வரும். இன்றைக்குப் பரவலாகக் கிடைக்கும் 90 டெசிபல் ஸ்பீக்கர் போடும் சத்தத்தை இதில் கேட்க ஐந்தாறு மடங்கு வாட் வேண்டும். அதையும் தாராளமாகக் கொடுத்துவிட முடியாது, 25 வாட்டைச் சுற்றித்தான் இதன் தாங்குசக்தி. கல்யாண வீட்டுக்கு ஆகாத பெட்டி.

இதே வரைபடத்தைக் காதுக் கட்சியின் பக்கமிருந்தும் படிக்கலாம். அந்த 100 ஹெர்ட்ஸ் மேடு, இல்லாத பாஸை இருப்பதுபோலக் காட்டுகிறது. ஆண் குரலுக்கும் செலோவுக்கும் அது ஓர் உடம்பைக் கொடுக்கிறது. அதற்கும் கீழே ஒன்றுமில்லாததால் சின்ன அறையில் பாஸ் முழங்கிக் குழப்பாது. 1,000 ஹெர்ட்ஸ் மேடு குரலை ஓரடி முன்னால் இழுக்கிறது. சில பதிவுகளில் லேசான மூக்கொலியாகவும் அது தெரியும், காது பழகிவிட்டால் தெரியாது. பெட்டியின் சொந்த முனகல் குறைவு என்பதால் ஒலி பெட்டியில் ஒட்டிக்கொள்ளாமல் விலகி நிற்கிறது. ஃபெல்ட் துண்டுகள் ட்வீட்டரின் ஒலி முன்சட்ட விளிம்பில் பட்டுச் சிதறாமல் உறிஞ்சிக்கொள்கின்றன. ரசிகர் 'குரல் நேரில் நிற்கிறது' என்று சொல்லும் அனுபவத்துக்கு இப்படிக் காகிதத்தில் காரணம் உண்டு. ஆக, இருவரும் ஒரே பெட்டியைத்தான் விவரிக்கிறார்கள். குறையை எண்ணிச் சொல்பவரிடம் எண் இருக்கிறது, நிறையைச் சொல்பவரிடம் எண் இல்லை, அதனால் அவர் கவிதைக்குப் போய்விடுகிறார்.

பெட்டி கிழக்கே வந்த பிறகு கதை வேறு வண்ணம் எடுத்தது. ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் கொரியாவிலும் எல்.எஸ்.3/5ஏவுக்கு ஒரு பக்தர் கூட்டம் உருவானது. அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. நெருக்கமான அடுக்ககம், சின்ன அறை, சத்தத்தைக் கூட்ட முடியாத சுவர்கள், குரலிசை மீது ஆசை. வண்டிக்குள் தோளிடிக்க உட்கார்ந்த பிபிசி பொறியாளருக்கு ஏற்ற பெட்டி, ஹாங்காங் அடுக்ககத்துக்கும் ஏற்றதாக இருந்ததில் வியப்பில்லை. ஆனால் பக்தி வந்தால் தலபுராணமும் வரும். ரோஜர்ஸின் தங்க நிற முத்திரை கொண்ட ஆரம்பகால ஜோடி, கறுப்பு முத்திரையைவிட உசத்தி. உள்ளே வெள்ளைப் பூச்சு தெரியும் 'வெள்ளை வயிறு' வூஃபர் இருந்தால் இன்னும் உசத்தி. இரண்டு பெட்டியின் தொடர் எண்களும் அடுத்தடுத்து இருந்தால் விலை ஏறும். மின்மறுப்பு 15 ஓம் உள்ள பழைய பதிப்பு, 11 ஓம் உள்ள பிந்தைய பதிப்பைவிடப் புனிதம்.

அந்த 15, 11 சண்டையில் கொஞ்சம் நிற்கலாம். பத்துப் பன்னிரண்டு ஆண்டு உற்பத்தியில் பி110 வூஃபர் மெல்ல மெல்லத் திசை மாறியிருந்தது. விதித்த அளவுக்குள் வராமல் ஒதுக்கித்தள்ள வேண்டிய யூனிட்கள் அதிகமாயின. 1980களின் இறுதியில் கெஃப், திருத்திய வூஃபரும் புதிய கிராஸ்ஓவரும் கொண்ட 11 ஓம் பதிப்பைத் தந்தது. ஸ்பீக்கரைக் கம்ப்யூட்டரால் அளப்பதில் அவர்கள்தான் உலகுக்கே முன்னோடி, 1970களிலேயே லாரி ஃபின்சம் தலைமையில் அதைத் தொடங்கிவிட்டார்கள். யூனிட்களை அளந்து ஜோடி சேர்த்ததால் ஒரு பெட்டிக்கும் அதன் ஜோடிக்கும் உள்ள ஒற்றுமை முன்பைவிடக் கூடியது. ஸ்டீரியோவில் பாடகர் சரியாக நடுவில் நிற்க அதுதான் முக்கியம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வாங்கச் சொன்னால் நான் 11 ஓமைத்தான் வாங்குவேன். ஏலத்தில் விலை போவதோ பழைய 15 ஓம். வால்வு ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மருக்கு 15 ஓம் வசதி என்பது உண்மைதான், அந்த ஒரு காரணத்தால் மட்டும் இத்தனை விலை வித்தியாசம் வந்திருக்க முடியாது. முத்திரையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கும்போது காதில் என்னதான் நடக்கிறது?

இதற்குப் பதில் தேடியவர்கள் கனடாவில் இருந்தார்கள். ஒட்டாவாவில் உள்ள தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து, சத்தத்தைச் சமன் செய்து, வரிசையை மாற்றி மாற்றி, ஆட்களை மதிப்பெண் போடச் சொன்னார். 1985, 86இல் வெளியான அவருடைய கட்டுரைகள் இரண்டு கட்சியையும் சங்கடப்படுத்தின. கண்ணுக்குப் பெட்டி தெரியாதபோது பெரும்பாலானோர் ரசனை ஒன்றாகவே இருந்தது. நேர் எதிரே மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் சமனான, மேடுபள்ளம் குறைந்த ஒலி தரும் ஸ்பீக்கர்களையே அவர்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படியானால் ரசனை ஆளுக்கு ஆள் என்று காதுக் கட்சி இனி தப்பிக்க முடியாது. நேர் எதிரே ஒரே ஒரு கோட்டை வரைந்துவிட்டு இதுதான் ஸ்பீக்கர் என்று மீட்டர் கட்சியும் சொல்ல முடியாது.

பிறகு ஹார்மன் நிறுவனத்தில் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் இன்னொன்றைச் செய்து பார்த்தார்கள். 40 பேர், 4 ஸ்பீக்கர்கள். முதலில் திரைக்குப் பின்னால், பிறகு திரை இல்லாமல். பெட்டி கண்ணுக்குத் தெரிந்ததும் மதிப்பெண் மாறியது. பெரிய, விலைகூடிய பெட்டிகள் ஏறின. மலிவான சின்னப் பிளாஸ்டிக் செட் இறங்கியது. அறையில் ஸ்பீக்கரை இடம் மாற்றி வைத்தால் ஒலி மாறுவதைத் திரை இருந்தபோது கவனித்தவர்கள், திரையை எடுத்ததும் அதைக்கூடக் கவனிக்கவில்லை. உட்கார்ந்து கேட்டவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள், ஸ்பீக்கர் விற்பதே தொழில். 2004இல் ஆலிவ் 70 ஸ்பீக்கர்களின் அளவீட்டை வைத்து, திரை மறைவில் அவற்றுக்கு எத்தனை மதிப்பெண் விழும் என்று கணக்குப் போட்டார். கணக்குக்கும் காதுக்கும் இருந்த ஒட்டுறவு 0.86. முழு ஒற்றுமை 1 என்றால் இது மிக நெருக்கம்.

இந்த எண்ணைப் பார்த்த பிறகு மீட்டரா காதா என்ற கேள்வி எனக்கு அர்த்தமற்றதாகிவிட்டது. சரியாக எடுத்த அளவும் திரைக்குப் பின்னால் கேட்ட காதும் ஏறக்குறைய ஒரே தீர்ப்பைத்தான் சொல்கின்றன. இரண்டோடும் ஒத்துப்போகாமல் தனியே நிற்பது மூன்றாவது ஒன்று: விலைச்சீட்டையும் பெயரையும் பார்த்துக்கொண்டே கேட்கும் காது. கேட்டு எழுதுவதைத் தொடங்கிவைத்த கார்டன் ஹோல்ட்டே 2007இல் ஒரு பேட்டியில், பெயர் மறைத்துச் சோதிக்க 1980களில் மறுத்ததால்தான் உயர்ரக ஆடியோ தன் நம்பகத்தன்மையை இழந்தது என்று வருந்தினார். அவருடைய ஸ்டீரியோஃபைலோ, 1986இல் ஆசிரியரான ஜான் அட்கின்சனின் பொறுப்பில், கேட்டு எழுதிய விமர்சனத்தின் பக்கத்திலேயே அளவீட்டையும் அச்சிடத் தொடங்கியது. அந்த அட்கின்சன் 1978 முதல் ஒரு ஜோடி ரோஜர்ஸ் எல்.எஸ்.3/5ஏ வைத்திருப்பவர். அதன் 1,000 ஹெர்ட்ஸ் மேட்டைத் தானே அளந்து அச்சில் போட்டவரும் அவர்தான். பெட்டியை விற்றுவிடவில்லை.

மிச்சப் பயணத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். 1992இல் கெஃப் ஹாங்காங்கின் கோல்ட் பீக் குழுமத்துக்கும், அடுத்த ஆண்டே ரோஜர்ஸ் ஹாங்காங்கின் வோ கீ ஹாங்குக்கும் கைமாறின. ரசிகர்கள் இருந்த ஊருக்கே நிறுவனங்களும் போய்ச் சேர்ந்தன. 1990களின் இறுதியில் பி110 உற்பத்தி நின்றது, அதோடு அசல் எல்.எஸ்.3/5ஏவும். 2012இல் கெஃப், தன் 50 ஆண்டு நிறைவை ஒட்டி எல்.எஸ்.50 என்ற சின்ன ஸ்பீக்கரை அந்தப் பழைய பெட்டிக்கு மரியாதையாக வெளியிட்டது. பக்கவாட்டு ஒலியைக்கூடக் கணினியில் கணக்கிட்டுச் செய்த பெட்டி அது, ட்வீட்டர் வூஃபரின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். இன்னொரு பக்கம், நினைவில் வைக்கச் சொன்ன மால்கம் ஜோன்ஸ் தொடங்கிய ஃபால்கன் அகூஸ்டிக்ஸ், பி110ஐயும் டி27ஐயும் புதிதாகச் செய்து, பிபிசி உரிமத்துடன் 15 ஓம் பதிப்பையே மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. புது அளவீட்டை நம்புபவருக்கு ஒரு வாரிசு, பழைய காதலருக்கு ஒரு வாரிசு.

உங்களுக்கு யாராவது பழைய ஜோடி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், முத்திரையின் நிறத்தை அப்புறம் பாருங்கள். இரண்டு பெட்டியையும் தனித்தனியே அளந்த வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நாற்பது வருடப் பழைய வூஃபரின் விளிம்பு இறுகியிருக்கலாம், கிராஸ்ஓவரில் கண்டென்சர் மதிப்பு மாறியிருக்கலாம், ஒரு ட்வீட்டரை எப்போதோ மாற்றியிருக்கலாம். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படியாத ஜோடி, எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் ஜோடியாகாது. படிந்தால் அடுத்த வேலையைப் பாருங்கள். வீட்டில் ஒருவரைச் செய்தித்தாள் படிக்கச் சொல்லித் திறந்த மொட்டை மாடியில் எதிரொலி இல்லாமல் நல்ல மைக்கில் பதிந்துகொள்ளுங்கள். வாங்க நினைக்கும் பெட்டியையும் அதே விலையில் கிடைக்கும் புதுப் பெட்டி ஒன்றையும் வேட்டி கட்டி மறைத்து, சத்தத்தைச் சமன் செய்து, நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். படித்தவரையும் பக்கத்திலேயே உட்காரவைத்து இடையிடையே பேசவிடுங்கள். எந்தப் பெட்டி அவர் குரலுக்குக் கிட்டத்தில் வருகிறதோ அதற்குக் காசு கொடுங்கள்.